தூளா, ஈயப் பற்றா, புது றேடியேற்றரா?

ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணப் பக்கம் வரும்போதுதான் கண்டேன், சூட்டு முள் நடுவை விட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. வெட்டவெளி, உப்புக் காற்று, ஒதுங்க ஒரு மரமில்லை. ஏசியை நிறுத்தி ஓரமாக விட்டு, பொனற்றைத் திறந்துவைத்து முக்கால் மணி நேரம் நின்றேன். எஞ்சின் சூட்டை ஆற்றும் றேடியேற்றரின் மூடியில் கை வைக்கவில்லை. அதில் 1.1 என்று அடித்திருக்கும். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் அவ்வளவு அழுத்தத்தை அது தாங்கும் என்று அர்த்தம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் உள்ளே கிடக்கும். மூடியைத் திருகிய கணத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

அதற்கு ஐந்து கிழமைக்கு முன்தான் ஒரு கராஜில், "சின்ன ஒழுக்குத்தான் அண்ணை, தூள் போட்டால் நிண்டிடும்" என்று சொல்லி, ஒழுக்கை அடைக்கும் தூளை றேடியேற்றருக்குள் போட்டுவிட்டார்கள். எங்கிருந்து ஒழுகுகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. என் கோபமெல்லாம் அதில்தான். எந்த வைத்தியம் நல்லது என்பதை ஒழுகும் இடம்தான் சொல்லும்.

முதலில், கீழே சொட்டுவது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற் திரவம்தானா? எங்கள் வெக்கைக்கு ஏசித் தண்ணீரும் சொட்டுச் சொட்டாக வடியும். விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். வெறும் தண்ணீர் என்றால் ஏசி. வழுவழுப்பும் இனிப்பு மணமும் இருந்தால் கூலன்ற். இரவில் காருக்குக் கீழே ஒரு காட்போட் மட்டையை விரித்துவிட்டால், விடிய எந்த இடத்துக்கு நேரே சொட்டியது என்று தெரியும். கொஞ்சமாகக் கசிந்தால் சொட்டே விழாது, சூட்டில் காய்ந்துவிடும். ஆனால் ஹோஸ் கிளிப்பிலும், பிளாஸ்ரிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பிலும், வோட்டர் பம்பின் அடித் துளையிலும் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பொருக்குப் படிந்திருக்கும்.

கண்ணுக்குப் படாவிட்டால் கைப்பம்ப். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடி இருந்த இடத்தில் பூட்டி, மூடியில் உள்ள அளவுக்குக் காற்றடித்துப் பத்து நிமிடம் விடுவார்கள். பம்பின் அழுத்த முள் இறங்கியும் வெளியே ஈரமில்லை என்றால், முன் இருக்கைக் கால்விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். நாங்கள் ஹீற்றர் போடுவதில்லை, ஆனாலும் ஜப்பான் கார்களில் அது இருக்கிறது, அதற்குள்ளும் கூலன்ற் ஓடுகிறது. அங்கும் காய்ந்திருந்தால் எஞ்சினின் மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் இடையில் அடைக்கும் ஹெட் கஸ்கற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்: கூலன்ற் போத்தலில் குமிழி, எண்ணெய் மூடியில் பால்நிறக் களி, விடாத வெள்ளைப் புகை. அப்படியென்றால் கீழே சொல்லும் மூன்றும் உதவாது.

தூள் சிறு துகள்களாகச் சுற்றிவந்து ஓட்டையில் அடைத்துக்கொள்ளும். ஆனால் ஓட்டை எது, வழி எது என்று அதற்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் இது இன்னும் மோசம். எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கேத்திலில் படியும் அதே வெள்ளை, கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய றேடியேற்றர் குழாயிலும் படிகிறது. ஏற்கெனவே ஒடுங்கிய குழாய்க்குள் தூளையும் போட்டால்? என் வகன் ஆர் காரில் கழற்றிய தேமோஸ்ரற்றை, அதாவது சூடேறியதும் கூலன்ற்றுக்கு வழி திறக்கும் வால்வை, நகத்தால் சுரண்டினேன். காவி நிறத்தில் களி, அதற்குக் கீழே சுண்ணாம்பு ஓடு. வால்வு பாதிதான் திறந்தது. நடுவழியில் வீடு வந்து சேர வேறு வழியில்லை என்றால் தூள் போடுங்கள். சேர்ந்ததும் கழுவி எடுத்துவிடுங்கள்.

ஈயப் பற்று அருமையான வேலை, பித்தளை றேடியேற்றருக்கு. அப்பாவின் மொறிஸ் மைனருக்கு இரண்டு தரம் பற்றவைத்தோம், ஒருக்காலும் ஏமாற்றவில்லை. பழைய ஒஸ்ரின், மொறிஸ் வைத்திருப்பவர்கள் புதுசு தேடி அலைய வேண்டாம், கைதேர்ந்த ஒட்டுக்காரரிடம் போங்கள். இன்றைய கார்களில் நடுவில் அலுமினியம், மேலும் கீழும் அல்லது இரு பக்கமும் பிளாஸ்ரிக் தொட்டி. அதில் ஈயம் பிடிக்காது. பசை பூசினால் ஒவ்வொரு சூட்டுக்கும் பிளாஸ்ரிக் விரிந்து சுருங்க, வெடிப்பு பசையைத் தாண்டி ஓடும். தொட்டியை மட்டும் மாற்றலாம் என்பார்கள். வளைத்து நிமிர்த்தும்போது தொட்டியைக் கவ்விப் பிடிக்கும் பழைய அலுமினியப் பற்கள் ஒடிவதைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே பிளாஸ்ரிக் வெடித்தால் புதுசுதான் என்பேன். கழற்றி விற்கும் ஜப்பான் றேடியேற்றர் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் பிளாஸ்ரிக்கும் உங்களுடையதைப் போலவே வயதானது. 2020இல் நின்ற கார் இறக்குமதி 2025இல்தான் திரும்பத் தொடங்கியது. இடையில் ஊரில் ஓடிய கார்களெல்லாம் கிழடாகிவிட்டன, கழற்றிய சாமானும் அப்படித்தான். புதுசு வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: விசிறி பூட்டும் இடம், ஹோஸ் வாயின் பருமன், ஓட்டோ கியர் என்றால் கியர் எண்ணெய்க் குழாய் சேருமிடம். மூடியையும் மாற்றிவிடுங்கள்.

எதைச் செய்தாலும் உள்ளே கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் வீண். தீவுப் பக்கத்து உவர்த் தண்ணீர் அலுமினியத்தைப் பொத்தல் பொத்தலாக அரிக்கும். கலந்தே வரும் கூலன்ற் நல்லது. செறிவானது வாங்கினால் பற்றரிக்கு ஊற்றும் தண்ணீரைக் கலக்கலாம். நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம், கார்ப் புத்தகத்தில் சொன்ன வகையைப் பார்த்து வாங்குங்கள்.

வடித்த பழைய கூலன்ற்றை முற்றத்தில் ஊற்றாதீர்கள். இனிப்புக்கு நாயும் பூனையும் நக்கும், அது நஞ்சு. சுண்ணாம்புக்கல் வெடிப்பால் இறங்கினால் கிணறு தொலைவில்லை. சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த நாட்களை நாங்கள் மறக்கவில்லை. நான் கானில் அடைத்து, வேலை செய்த கராஜிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.