லேசர் பிளக்: தீப்பொறி பிரமாதம், கேபிள்தான் சொதப்பல்

சோதனைக்கு வந்த ஒரு லேசர் பற்றவைப்புக் கருவியை, ஒற்றை சிலிண்டர் கேஸ் எஞ்சினில் இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்தேன். தயாரித்தவர்கள் பெயர் வேண்டாம்.

பார்வைக்குச் சற்றே பருத்த ஸ்பார்க் பிளக். உள்ளே லேசர் ஒளியைப் பிறப்பிக்கும் நியோடிமியம் யாக் படிகம், அதோடு ஒட்டி குரோமியம் யாக் என்ற இன்னொரு படிகம். தனிப் பெட்டியில் உள்ள 808 நானோமீட்டர் டயோடு, ஃபைபர் (ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழை) வழியாகப் படிகத்துக்கு ஒளியை ஊட்டுகிறது. குரோமியம் யாக் அணை மாதிரி மறித்திருந்து சட்டென்று திறக்க, 1064 நானோமீட்டரில் சில மில்லிஜூல் துடிப்பு பாய்ந்து சிலிண்டருக்குள் பொறியைக் கிளப்புகிறது. டயோடை எஞ்சின்மேல் வைக்காதது புத்திசாலித்தனம். ஒரு டிகிரி சூடேறினாலே அதன் அலைநீளம் சுமார் 0.3 நானோமீட்டர் நகர்ந்து, படிகத்துக்கு ஏற்ற அளவிலிருந்து விலகும்.

எரிப்பில் குறை சொல்ல முடியாது. சாதாரண பிளக்கில் சிலிண்டர் அழுத்தம் ஏற ஏற அதிக வோல்டேஜ் வேண்டும், மின்முனை தேயும். இதில் தலைகீழ்: அழுத்தம் கூடினால் பொறி இன்னும் சுலபமாகப் பிறக்கிறது. வெப்பத்தை உறிஞ்ச உலோக முனையும் பக்கத்தில் இல்லை. பழைய பிளக் திணறிய லீன் கலவையிலும் (எரிபொருள் குறைவு, காற்று அதிகம்) எஞ்சின் சீராக ஓடியது.

பிளக் நுனியில் கதிர் வெளியேறும் சஃபையர் கண்ணாடியில் கரி படியும் என்றுதான் பயந்தேன். படிந்தது, ஆனால் கதிர் போகும் இடத்தை லேசரே சுட்டுத் துடைத்துக்கொள்கிறது. சுற்றிலும் கறுப்பு, நடுவில் மட்டும் பளிச்சென்று ஒரு பொட்டு! குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது மட்டும் சில சுற்றுகள் தவறும்.

மானம் போனது கேபிளில். ஐந்தாவது வாரம் திடீரென்று மிஸ்ஃபயர். கண்ணாடிமேல் சந்தேகப்பட்டு பிளக்கைக் கழற்றினேன், அது சுத்தமாக இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அதிர்வில் ஃபைபர் கனெக்டர் கால் சுற்று தளர்ந்து, உள்ளே போன தூசி ஃபைபர் முகத்திலேயே கருகியிருக்கிறது. புதுக் கேபிள் அனுப்பினார்கள், அதே கனெக்டருடன். சிலிண்டர் ஹெட்டில் ஒரு கிளாம்ப் போட்டு நானே இறுக்கினேன், பிறகு தளரவில்லை. கிளாம்பைச் சேர்த்தே தந்தால் என்ன?

இன்னொன்று. பிளக்கைக் கழற்றினாலும் டயோடு தானாக அணைவதில்லை. கண்ணுக்குத் தெரியாத கதிர் இது, விழித்திரையைச் சுட்டுவிடும். இதைச் சரிசெய்யும்வரை பெட்டியின் சாவியை என் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.