விடியற்காலை ஐந்தரை மணி ஆட்டங்கள்: ஒரு பருவகாலச் சந்தா பற்றி

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டப் போட்டிகளான என்.பி.ஏ. ஆட்டங்களை இணையவழியாகக் காட்டும் சந்தாச் சேவையொன்றைக் கடந்த பருவகாலம் முழுவதும் எங்கள் அணிக்காகப் பெற்றிருந்தோம். இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தமிழ்ப் பாடசாலையொன்றில் நான் ஆசிரியராகவும் கூடைப்பந்தாட்டப் பயிற்றுவிப்பாளராகவும் இருக்கிறேன். நான் சொல்லப்போகும் குறைகள் இவ்வகைச் சேவைகள் பலவற்றுக்கும் பொதுவானவை என்பதால் சேவையின் பெயரைக் குறிப்பிடவில்லை. பாடசாலையிலிருந்து பெரிய ஆட்டத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது பயன்படுமா என்ற ஒரே கேள்வியோடு வாங்கினேன். அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடையையே இங்கே எழுதுகிறேன்.

வாங்கக் காரணமானவர் எங்கள் பழைய மாணவர் ஒருவர். பாடசாலை அணியில் இருந்த காலத்தில் எங்கள் புள்ளிகளில் பாதியை அவர்தான் போடுவார். பந்து அவர் கைக்குப் போகாமல் எங்கள் தாக்குதல் தொடங்கியதே இல்லை. உயர்தரப் பரீட்சை முடிந்ததும் கொழும்பில் ஒரு நிறுவனம் தன் அணியில் சேர்த்துக்கொண்டு வேலையும் கொடுத்தது. லயத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த வாய்ப்பென்று தோட்டமே மகிழ்ந்தது. ஐந்தாம் மாதம் அவர் திரும்பி வந்துவிட்டார். "சேர், அங்க யாரும் என்னயத் திட்டல்ல. ஆனா நான் எங்க நிக்கணும்னே எனக்குத் தெரியல்ல" என்றார். அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை. பந்து கையில் இருக்கும்போது என்ன செய்வதென்று ஆறு ஆண்டுகள் அவருக்குக் கற்றுக்கொடுத்த நான், பந்து கையில் இல்லாதபோது என்ன செய்வதென்று ஒரு நாளும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

எங்கள் மாணவர்கள் என்.பி.ஏ.யை அறிவது கையடக்கத் தொலைபேசியில் வரும் ஒரு நிமிடத் துண்டுகள் வழியாகத்தான். அவற்றில் எல்லோரும் பறக்கிறார்கள், எல்லாப் பந்தும் வளையத்துக்குள் விழுகிறது. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் நாற்பது நிமிடம் ஆசனத்தில் அமர்ந்திருந்துவிட்டு, எட்டு நிமிடம் மட்டும் ஆடி, அந்த எட்டு நிமிடத்திலும் மூன்று முறை பந்தைப் பறிகொடுப்பதை எந்தத் துண்டும் காட்டாது. முழு ஆட்டத்தையும் பார்த்தால்தான் அது தெரியும். இந்தச் சேவையின் முதற்பெறுமதி அதுதான்: ஆட்டம் முழுவதையும் நேரலையாகவோ பின்னரோ பார்க்கலாம், வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், பத்து வினாடி பின்னால் போகலாம், ஓர் ஆட்டக்காரரின் பெயரைத் தொட்டு அவர் பங்கெடுத்த கணங்களை மட்டும் தேடியெடுக்கலாம்.

நேரமும் நமக்கு ஓரளவு இணங்கி வருகிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் நடுப்பகுதிவரை நமக்கு விடியற்காலை 5.30க்கு வருகிறது, மேற்குக் கரை ஆட்டங்கள் காலை 8.30 அளவில் தொடங்கும். அங்கே சனி இரவென்றால் இங்கே ஞாயிறு காலை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மலையில் இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் என்பதால் காலை இணைப்பு அநேகமாக நிலைத்து நின்றது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். பாடசாலையின் சிறிய அறையொன்றில் ஒன்பது மாணவர்கள் குல்லாவும் கம்பளிச் சட்டையுமாக அமர்ந்திருந்தார்கள்; கண்ணாடிக்கு வெளியே மூடுபனியைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை; காவலாளி ஐயா இஞ்சி தட்டிப்போட்டுச் சாயத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். இரண்டாம் கால்பகுதியில் அறிமுக ஆண்டு ஆட்டக்காரர் ஒருவர் களமிறங்கினார். பந்து மறுபக்க மூலைக்குப் போனது. அவர் அதைப் பார்க்கத் தலையைத் திருப்பினார். அந்த அரை வினாடியில் அவர் காக்க வேண்டிய ஆள் அவர் முதுகுக்குப் பின்னால் ஓடி வளையத்தடியில் பந்தை வாங்கிப் போட்டுவிட்டார். மூன்று முறை பின்னோக்கிப் போட்டுப் பார்த்தோம். பதினோராம் தரத்து மாணவி ஒருவர்தான் முதலில் கண்டுபிடித்தார்: "அவரு பந்தப் பாக்குறாரு சேர், ஆளப் பாக்கல்ல." அடுத்த இடைநிறுத்தத்தில் அந்த இளைஞர் வெளியே அழைக்கப்பட்டார். தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தவரின் அருகே உதவிப் பயிற்றுவிப்பாளர் ஒருவர் வந்து குந்தி, கைக்கணினியில் அதே காட்சியைக் காட்டி விரலால் ஓர் இடத்தைத் தொட்டார். கெமரா அதை மூன்று வினாடிக்கு மேல் காட்டவில்லை. நாங்கள் அந்த மூன்று வினாடியில் நிறுத்திவைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினோம்.

இளைஞர்கள் தடுமாறும் இடங்களில் மிகக் கடினமானது, முதல் ஆளாக இருந்தவர் மூலைக்குப் போகும் இடமாற்றம்தான் என்பது ஒரு பருவகாலம் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகிவிட்டது. என்.பி.ஏ.க்குள் வரும் இளைஞர் அநேகமாகத் தம் பாடசாலையிலோ கல்லூரியிலோ முதல் ஆளாக இருந்தவர். பந்து அவரிடம்தான் இருந்தது, மற்ற நால்வரும் அவருக்காக ஓடினார்கள். இங்கே வந்ததும் அவரை மூலையில் நிற்கச் சொல்கிறார்கள். அங்கே சும்மா நிற்பதற்கும் ஒரு முறை இருக்கிறது: தன்னைக் காக்கும் எதிரணி ஆட்டக்காரரைத் தன் பக்கம் இழுத்துவைத்திருக்க வேண்டும், தோழர் உள்ளே பாய்ந்தால் இரண்டடி மேலே நகர வேண்டும், எப்போதோ ஒரு முறை பந்து வந்தால் கை குளிர்ந்துபோயிருந்தாலும் உடனே எறிய வேண்டும். சில அறிமுக ஆட்டக்காரர்களை அந்த மூலையிலேயே வைத்து ஆட்டம் முழுவதும் கவனிக்கும்படி மாணவர்களிடம் சொன்னேன். முதல் வாரம் சலிப்பு. மூன்றாம் வாரத்தில் அவர்களே பெயர் சொல்லித் திருத்தத் தொடங்கிவிட்டார்கள்.

விதிகளும் அளவுகளும் தனிச் சுமை. அமெரிக்கக் கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், என்.பி.ஏ.யில் 48. கல்லூரியில் பந்து கைக்கு வந்து 30 வினாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தால் போதும், என்.பி.ஏ.யில் 24. எங்கள் நாட்டில் பின்பற்றும் சர்வதேச விதியிலும் 24தான், ஆனால் எங்கள் பாடசாலைத் திடலில் அந்த வினாடிகளைக் காட்டும் கடிகாரமே இல்லாததால் என் மாணவர்கள் அவசரத்தை அறியாமலே வளர்கிறார்கள். மூன்று புள்ளிக் கோடு சர்வதேச விதியில் வளையத்திலிருந்து 6.75 மீற்றர், என்.பி.ஏ.யில், மூலைகளைத் தவிர, 7.24. அரை மீற்றர்தான் வித்தியாசம், ஆனால் அதை எட்டுவதற்குக் கைகளைவிடக் கால்கள்தான் அதிகம் உழைக்க வேண்டியிருக்கிறது. இன்னொன்றை என் உயரமான மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினேன்: காக்கும் அணியின் ஆட்டக்காரர், யாரையும் நெருங்கிக் காக்காமல் வளையத்தடிக் கட்டத்துக்குள் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக்கூடாதென்பது என்.பி.ஏ. விதி. பாடசாலையில் வளையத்தடியில் தூண்போல நின்றே பெயர் வாங்கிய நெட்டையான பையனுக்கு அங்கே கால் பதிக்க இடமில்லாமற் போய்விடுகிறது.

களைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லூரிப் பருவகாலத்தில் முப்பது முதல் நாற்பது ஆட்டங்கள். என்.பி.ஏ.யில் ஆறு மாதத்துக்குள் 82 ஆட்டங்கள், சில வேளை அடுத்தடுத்த இரவுகளில் வெவ்வேறு நகரங்களில். ஜனவரி, பெப்ரவரியில் அறிமுக ஆட்டக்காரர்கள் பலருடைய எறிதல் வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்புவதைத் தொடர்ந்து பார்த்தோம்; கால் ஓய்ந்துவிட்டதற்கு அதுவே அடையாளம். டென்வர் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,609 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே ஆடப்போகிறவர்கள் மூச்சுக்குத் திணறுவதைப் பற்றி வர்ணனையாளர்கள் அடிக்கடி பேசுவார்கள். நுவரெலியா 1,868 மீற்றர் என்று நான் சொன்னபோது என் பிள்ளைகள் முகத்தில் வந்த பெருமிதத்தை மறக்க முடியாது.

பெரிய பெயர்களின் முதலாண்டுகளைச் சந்தாவுக்கு வெளியேயிருந்தும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தேன். கோபி பிரையன்ட் உயர்நிலைப் பாடசாலையிலிருந்து நேரே வந்து முதலாண்டில் ஆட்டமொன்றுக்குச் சராசரி 7.6 புள்ளிகள்தான் எடுத்தார். 1997 மே மாதம், யூட்டா அணிக்கெதிரான வெளியேற்றச் சுற்று ஆட்டத்தின் கடைசிக் கட்டத்திலும் மேலதிக நேரத்திலுமாக அவர் எறிந்த நான்கு பந்துகள் வளையத்தையே தொடவில்லை. அப்போது அவருக்கு 18 வயது. ஜேர்மனியின் இரண்டாம் பிரிவிலிருந்து வந்த டேர்க் நொவிட்ஸ்கி முதலாண்டில் 8.2, அடுத்த ஆண்டே 17.5. கிரேக்கத்தின் இரண்டாம் பிரிவிலிருந்து 2013இல் வந்த யானிஸ் அன்டெட்டொகும்போ 6.8, 2019, 2020 ஆண்டுகளில் அவர்தான் என்.பி.ஏ.யின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். 2023 ஜூலையில் லாஸ் வேகாஸ் கோடைக்கால ஆட்டத்தில் விக்டர் வெம்பன்யாமா தம் முதல் ஆட்டத்தில் 13 எறிதல்களில் 2 மட்டுமே போட்டார்; பருவகாலத்தில் சராசரி 21.4 எடுத்தார், ஆனால் அவருடைய சான் அன்டோனியோ அணி தொடர்ந்து 18 ஆட்டங்களில் தோற்றது. தோற்றே பழகாத ஒருவர் அப்படித் தோற்றுக்கொண்டே ஒவ்வொரு காலையும் பயிற்சிக்குப் போவது எவ்வளவு பாரமான காரியம் என்று எண்ணிப் பாருங்கள்.

குவாமி பிரவுனைப் பற்றியும் பேசினோம். என்.பி.ஏ. அணிகள் புதியவர்களை வரிசைமுறையில் தெரிவு செய்யும் நிகழ்வில், உயர்நிலைப் பாடசாலையிலிருந்து நேரே முதல் தெரிவாக எடுக்கப்பட்ட முதல் ஆள் அவர், அது 2001இல். முதலாண்டுச் சராசரி 4.5. அவரைத் தோல்வியின் பெயராகவே பலர் சொல்கிறார்கள். என்.பி.ஏ.யில் அவர் பன்னிரண்டு பருவகாலங்கள் ஆடினார் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அது அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியென்றே நான் கருதுகிறேன்.

இனிக் குறைகள். முதலாவது, என் நோக்கத்துக்குப் பெரிய இடையூறு: கெமரா பந்தைத்தான் தொடர்கிறது. மூலையில் நிற்கும் இளைஞரைக் காட்ட வேண்டிய நேரத்தில் பந்து வைத்திருப்பவரின் முகம் திரையை நிறைத்துவிடும். முழுத் திடலையும் மேலிருந்து காட்டும் கோணம் சில ஆட்டங்களுக்கு மட்டுமே கிடைத்தது. இரண்டாவது, செயலியின் முதற்பக்கம் எப்போதும் நட்சத்திரங்களின் அதிரடிகளையே முன்னால் வைக்கிறது. ஆசனத்திலிருந்து எழுந்துவரும் இளைஞரை நாமாகவே தேடிப் போக வேண்டும். மூன்றாவது, புதியவர்களை அனுப்பிப் பதப்படுத்தும், என்.பி.ஏ.யின் கீழ்நிலைத் தொடரான ஜி லீக் ஆட்டங்கள் இந்தச் சந்தாவில் இல்லை. மேலே ஆடமுடியாத இளைஞர் கீழே போய் முப்பது நிமிடம் ஆடித் திரும்பும் கதையின் பாதி நமக்குக் கிடைப்பதில்லை.

வர்ணனை ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. கட்டணம் டொலரில் அறவிடப்படுவதால் 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்த பிறகு தனியொரு மாணவருக்கு இது எட்டாத பொருள்; பெற்றோரும் பழைய மாணவர்களும் பங்கிட்டுத்தான் நாங்கள் கட்டினோம். படத்தின் தரத்தை உயர்த்திவைத்தால் டேட்டா விரைவில் தீர்ந்துவிடும். நடுத்தரத்தில் வைத்தால் ஆட்டக்காரரின் இலக்கம் தெரியும், கால்வைப்பு மங்கும். ஒருமுறை கட்டணம் இரட்டிப்பாக அறவிடப்பட்டு, அதைத் திருப்பிப் பெற மூன்று வாரமும் ஏழு மின்னஞ்சல்களும் தேவைப்பட்டன.

திடலுக்கு வெளியேயுள்ள வாழ்க்கையை இந்தச் சேவை காட்டுவதில்லை, காட்டவும் முடியாது. என்.பி.ஏ. 1986 முதல் அறிமுக ஆட்டக்காரர்களுக்குப் பணம், மனநலம், புதிய மனிதர்கள் முதலியவை பற்றித் தனிப் பயிற்சி நடத்திவருகிறது. கொழும்பில் வாடகை அறையில் தனியாகச் சமைத்து, சிங்களத்தில் தட்டுத்தடுமாறிப் பேசி, வேலை முடிந்து மாலைப் பயிற்சிக்கு ஓடும் நம் பிள்ளைக்கு அப்படியொன்றை நடத்த எவரும் இல்லை.

வாங்கலாமா என்று கேட்கும் பயிற்றுவிப்பாளர்களுக்கு என் பரிந்துரை இது: ஆண்டுச் சந்தா வேண்டாம், நவம்பர் முதல் பெப்ரவரிவரை மாதச் சந்தா போதும். ஒருவருக்காக வாங்காமல் அணிக்காக வாங்குங்கள். வெற்றிபெறும் அணிகளை விட்டுவிட்டு, இளைஞர்களுக்கு அதிக நேரம் கொடுத்துத் தோற்றுக்கொண்டிருக்கும் அணியொன்றைத் தெரிவு செய்து அதையே நான்கு மாதமும் பாருங்கள்.

எங்கள் பழைய மாணவர் இப்போது ஹட்டன் நகரத்தில் ஒரு வன்பொருள் கடையில் வேலை செய்கிறார். ஜனவரியிலிருந்து ஞாயிறு காலைகளில் அவரும் வந்து பின்வரிசையில் அமர்ந்தார். மூன்றாவது வாரம் மடிக்கணினியைத் தம் பக்கம் திருப்பி, மூலையில் நின்ற ஒருவரை நான்கு முறை பின்னோக்கிப் போட்டுப் பார்த்தார். "இந்த எடத்துலதான் சேர் நான் நின்னேன். இவரு நகர்றாரு பாருங்க, நான் நகரல்ல" என்றார். வருகிற நவம்பருக்கான சந்தாவில் தம் பங்கை அவர் ஏற்கெனவே என்னிடம் கொடுத்துவிட்டார்.