மீட்டர் 90 மைக்ரான் காட்டியது, ₹1,12,000 போனது: ஹாட் டிப் என்று வாங்குகிறவர்கள் கவனம்

நாகப்பட்டினம் பக்கம் கடலோரமாக வீடு கட்டுகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள். மொட்டைமாடி தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு, அதை ஒட்டிய கூரை ஃப்ரேம், இரண்டுக்கும் சேர்த்து ₹1,12,000 கொடுத்தேன். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. வெல்டிங் ஓரமெல்லாம் துரு வழிகிறது.

பட்டறையின் பெயர் வேண்டாம். மெயின் ரோட்டில் பெரிய போர்டு வைத்த ஃபேப்ரிகேஷன் பட்டறை. நான் கேட்டது ஹாட் டிப், துருப் பிடிக்காமல் இருக்க உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பு. 6 மி.மீ. ஆங்கிளுக்கு ஐ.எஸ். 4759 என்ற இந்தியத் தர விதிப்படி சதுர மீட்டருக்கு 610 கிராம் துத்தநாகம் ஏற வேண்டும், அதாவது பூச்சு சுமார் 85 மைக்ரான் தடிமன் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இதையெல்லாம் பேசித்தான் அட்வான்ஸ் கொடுத்தேன்.

சரக்கு இறங்கிய அன்று பட்டறை ஆள் தானாகவே பூச்சின் தடிமனை அளக்கும் காந்த மீட்டரை எடுத்தார். ஒரு முனையில் சின்னக் காந்தம், உள்ளே ஸ்பிரிங், பக்கத்தில் டயல். காந்தத்தை இரும்பில் ஒட்டவைத்து டயலை மெதுவாகத் திருப்பினால் ஸ்பிரிங் இழுக்கும், ஒரு கட்டத்தில் டக்கென்று விடும். பூச்சு தடிமனாக இருந்தால் பிடிப்பு குறைவு, சீக்கிரம் விடும். "நீங்களே திருப்பிப் பாருங்க சார்" என்று என் கையிலேயே கொடுத்தார். 90. இன்னொரு இடத்தில் 95. மீதிப் பணத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்தேன்.

மீட்டர் சரியாகத்தான் காட்டியிருக்கிறது. ஆனால் காந்தத்துக்குத் துத்தநாகமும் தெரியாது, பெயிண்டும் தெரியாது. இரும்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். வெறும் இரும்பில் சில்வர் பெயிண்டை இரண்டு மூன்று கோட் ஏற்றி 90 வரவைத்திருக்கிறார்கள்! துரு பார்க்க வந்த வெல்டர் தின்னர் நனைத்த துணியால் ஒரு தேய் தேய்த்தார். துணி முழுக்க வெள்ளி நிறம், அடியில் வெறும் இரும்பு. வயிறு எரிந்தது.

பட்டறை ஆளுக்குப் போன் செய்தால் முதலில் "உப்புக்காத்து சார், எதுவும் நிக்காது" என்றார். தின்னர் விஷயத்தைச் சொன்னதும் "நீங்கதானே மீட்டர் பாத்தீங்க, 90 வந்துச்சுல்ல?" என்று என்னையே கேட்கிறார். நேரில் போனால் ஓனர் வெளியூராம். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன், நீல டிக் மட்டும் விழுந்தது. இப்போது எடுப்பதே இல்லை. ₹1,12,000 சார், பி.எஃப். பணம்.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். பணம் கொடுக்கும் முன் தின்னர் துணியால் தேய்த்துப் பாருங்கள். முக்கி எடுத்த ஆலையின் பில்லை, எடையோடு, கேளுங்கள். மூடிய பைப் என்றால் காற்றும் துத்தநாகமும் போய்வர ஓட்டை இருக்க வேண்டும், இல்லையென்றால் அது துத்தநாகத் தொட்டிக்குள் போகவே இல்லை. மீட்டரை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணாதீர்கள்.