நியூசிலாந்தா, ஆஸ்திரேலியாவா? சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு

"டிகிரி படிச்சிட்டு திரும்பவும் தோட்டத்து வேலையா?" மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், வெளிநாட்டில் சில காலம் தங்கி ஊர் சுற்றவும் வேலை செய்யவும் இளையோருக்குக் கிடைக்கும் வொர்க்கிங் ஹாலிடே விசா பற்றிப் பேச்சை எடுத்தாலே பெற்றோர் கேட்பது இதைத்தான். செம்பனைக் குலை வெட்டி, உதிரிப்பழம் பொறுக்கிப் பிள்ளையைப் பல்கலைக்கழகம் அனுப்பியவர்களின் மனக்குறை நியாயமானது. பிள்ளைகளுக்கோ வேறு கணக்கு: பிடிபிடிஎன் எனும் அரசின் உயர்கல்விக் கடனை அடைக்கக் கொஞ்சம் பணம், பேச்சில் சரளம், வெளியுலகம்.

இரண்டு நாட்டுக்கும் வயது 18 முதல் 30. நியூசிலாந்து மலேசியர்களுக்கு ஆண்டுக்கு 1,150 இடம் தருகிறது. தங்குவது ஆறு மாதம். ஆஸ்திரேலியாவில் இதே வகை விசாவுக்கு எண் 462, அதில் பன்னிரண்டு மாதம் தங்கலாம். பட்டம் கையில் இல்லாவிட்டாலும் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு முடித்திருந்தால் போதும். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் சராசரி 4.5, சேமிப்பு 5,000 ஆஸ்திரேலிய டாலர்.

எங்கள் ஓட்டு ஆஸ்திரேலியாவுக்கு. கூலியை வைத்துச் சொல்லவில்லை, காலத்தை வைத்துச் சொல்கிறோம். போய் இறங்கி வரி எண், வங்கிக் கணக்கு, அறை, வேலை என்று அலைவதிலேயே முதல் மாதம் போய்விடும். நியூசிலாந்தின் தே புக்கேயில் கிவிப்பழ அறுவடை மார்ச்சில் தொடங்கி ஜூன் வாக்கில் ஓய்ந்துவிடும். மழை பெய்தால் பறிப்பு நின்றுவிடும். ஈரப்பழத்தைப் பறிக்க விடமாட்டார்கள். ஆறு மாதத்தில் டிக்கெட் காசை மீட்டு மிச்சமும் பிடிப்பது கஷ்டம். பழத்தோட்டத்தில் மூன்று மாதம் உழைத்தவர் இன்னும் மூன்று மாதம் கேட்கலாம், அவ்வளவுதான். வேலை நேர்காணலுக்குக் காத்திருக்கும் இடைவெளியை நிரப்ப மட்டும் போகிறவருக்கு நியூசிலாந்தே பொருத்தம்.

ஆஸ்திரேலியாவில் பண்ணை வேலை போல அரசு குறிப்பிட்டிருக்கும் வேலையை மூன்று மாதம், அதாவது 88 நாள் செய்தால் இரண்டாம் ஆண்டு கிடைக்கும். அந்த ஆண்டில் ஆறு மாதம் செய்தால் மூன்றாம் ஆண்டும். பலர் கோட்டை விடுவதும் இந்த 88 நாளில்தான். பண்ணையின் அஞ்சல் குறியீடு அரசின் பட்டியலில் இல்லையென்றால் உழைத்த ஒரு நாளும் சேராது. பகுதி நேரமாகப் போனால் வேலை செய்த நாளை மட்டும் எண்ணுவார்கள். சம்பளச் சீட்டை வாரந்தோறும் வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பருவம் முடிந்தபின் முதலாளியைத் தேடிப் பிடிப்பது பெரும் பாடு. குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் டல்லி, இன்னிஸ்பெயில் பக்கம் வாழை ஆண்டு முழுக்க வெட்டுகிறார்கள். குலை சுமந்து பழகிய குடும்பத்துப் பிள்ளைக்கு அது புதிதாகத் தோன்றாது. கூடை கணக்கில் கூலி தந்தாலும், 2022 ஏப்ரலிலிருந்து தோட்டக்கலைப் பண்ணைகளில் மணிக்கூலிக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். 

பிடித்தமும் உண்டு. முதல் டாலரிலிருந்தே 15 விழுக்காடு வரி. வரி எண் எடுக்காவிட்டால் 45. முதலாளி கட்டும் ஓய்வூதியப் பணத்தை நாடு திரும்பியபின் கேட்டால் 65 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அதைச் சேமிப்பில் சேர்த்துக் கணக்குப் போட வேண்டாம்.

"ஈடிஏ எடுத்துத் தர்றேன், பண்ணையில வேலை ரெடி" என்று சொல்லும் ஏஜெண்டிடம் மட்டும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அது சுற்றுலா அனுமதி. அதில் வேலை செய்வது குற்றம். பிடிபட்டு விசா ரத்தானால் மூன்றாண்டு தடை வரலாம், கூலியைத் தராமல் ஏமாற்றினாலும் புகார் கொடுக்கப் பயந்து நிற்க வேண்டியிருக்கும். விதிகள் அடிக்கடி மாறுவதால், விண்ணப்பிக்கும் அன்றே அந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையின் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.