ரேசர் வி3-யா, நோக்கியா 1100-ஆ?

2004-ல் வந்த மோட்டோரோலா ரேசர் வி3 ஒரு மடக்கு போன்; மூடினால் 13.9 மில்லிமீட்டர் தடிமன்தான். அலுமினிய உடம்பு, நீலமாக ஒளிரும் தகடு கீபேட். பேசி முடித்துப் படக்கென்று மூடும் சுகம் வேறு எந்தப் போனிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ரேசர் வரிசை 13 கோடி விற்றது. ஆனால் மோட்டோரோலா அந்த வெற்றியிலேயே தங்கிவிட்டது. நிறத்தை மாற்றி, விலையைக் குறைத்தே காலம் தள்ளியது. மென்பொருள் பின்தங்கியது. 2007-ல் ஐபோன் வந்ததும் சரிவு வேகமானது.

2003-ன் நோக்கியா 1100-ல் கேமரா கிடையாது, கலர் திரையும் கிடையாது. டார்ச் உண்டு! 25 கோடிக்கு மேல் விற்றது. தூசி புகாத கீபேட். மடிப்பு இல்லாததால், இரு பாதிகளையும் இணைத்து மடிக்க மடிக்க அறுந்துபோகும் ரிப்பன் கேபிளும் (தட்டையான வயர்) இல்லை. மின்வெட்டும் வியர்வையுமான அன்றைய சென்னைக்கு 1100தான் சரி. அழகுக்கு மட்டும் என்றால் என் ஓட்டு வி3-க்கு.