மறுபடி பார்த்தாலும் விடாத பயம்: என் திகில் பட வரிசை

திகில் படத்துக்கு முதல் தடவை பார்த்ததுமே மார்க் போடும் பழக்கத்தை விட்டு வெகுநாளாகிறது. இருட்டில் திடீரென்று சத்தம் வைத்தால் யாருக்கும் தூக்கிவாரிப்போடும். கதை முழுக்கத் தெரிந்த பிறகும் வயிற்றைப் பிசைகிறதா என்பதுதான் என் கணக்கு. பல வருடமாகத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் நிலைத்த வரிசை இது.

முதலிடம் ஜான் கார்ப்பெண்டரின் ‘தி திங்’ (1982). அண்டார்டிகாவில் ஓர் ஆராய்ச்சி நிலையம், எந்த உயிரின் உருவத்தையும் எடுத்துக்கொள்ளும் வேற்றுக்கிரக ஜந்து, சுற்றிலும் பனி. ‘ஈ.டி.’ வந்த இரண்டே வாரத்தில் வெளியாகி, தியேட்டரில் எடுபடாமல் போன படம். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் பரவலாகாத காலத்தில் ராப் பாட்டின் குழு கையால் செய்த உருவங்களைப் பார்த்தால் இன்றும் குமட்டும். ஆனால் மறுபடி பார்க்கும்போது என்னை ஆட்டிவைப்பது அந்த நாய்தான். நிலையத்துக்குள் வந்த நாய் நடைபாதையில் சத்தமில்லாமல் நடக்கும். ஓர் அறை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போகும். சுவரில் ஒரு மனிதனின் நிழல் திரும்பும். காட்சி அவ்வளவுதான். முதல் தடவை அது வெறும் நாய். அடுத்த தடவை, அந்த நிழல் யாருடையது என்ற கேள்வி மீதிப் படம் முழுக்க மண்டையைக் குடைகிறது.

அடுத்தது ‘சைக்கோ’ (1960). குளியலறைக் கொலையையும் பெர்னார்ட் ஹெர்மனின் வயலின் கீச்சலையும் எல்லோரும் சொல்வார்கள். முடிவு தெரிந்தவர்களுக்கு அந்தக் கொலைக்கு முந்தைய சாப்பாட்டுப் பேச்சுதான் பயங்கரம். சுற்றிலும் பாடம் செய்த பறவைகள். அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்ததும் விடுதி நடத்தும் நார்மனின் முகம் இறுகுவதைக் கவனித்துப் பாருங்கள்.

மூன்றாமிடம் ‘யாவரும் நலம்’ (2009). தமிழ்ப் படம் என்பதற்காகச் சலுகை எதுவும் தரவில்லை. பதின்மூன்றாவது மாடியில் புதிதாக வாங்கிய வீடு. மற்றவர்களுக்கு ஓடும் லிஃப்ட் மாதவனுக்கு மட்டும் ஓடாது. பால் திரிந்துகொண்டே இருக்கும். வீட்டுப் பெண்கள் பார்க்கும் சீரியலில் வருவதெல்லாம் இவர்கள் குடும்பத்திலும் நடக்கும். பாழடைந்த பங்களாவை நம்பாமல் பாலையும் சீரியலையும் வைத்தே பயமுறுத்தியதற்காக விக்ரம் கே. குமாரை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

அப்புறம் ‘ஹாலோவீன்’ (1978). கார்ப்பெண்டரே போட்ட அந்த பியானோ இசை ஒரு பக்கம். பட்டப்பகலில், திரையின் ஓரத்தில், முகமூடியோடு ஓர் ஆள் சும்மா நிற்பது இன்னொரு பக்கம். பின்னால் வந்த கத்திக்குத்துப் படங்கள் ரத்தத்தைக் கூட்டின, இந்தப் பொறுமையை விட்டுவிட்டன. ஜப்பானின் ‘ரிங்கு’வும் (1998) இதே தரம். நடிகையைப் பின்னோக்கி நடக்கவிட்டுப் படமாக்கி, அதைத் திருப்பி ஓட்டியதால்தான் பேயாக வரும் சடாகோவின் நடை அப்படி இருக்கிறது. அவள் டிவியிலிருந்து வெளியே வருகிறவள், அதனால் செல்போனில் பார்க்காதீர்கள்.

யாரோ எடுத்த வீடியோ பின்னால் கையில் கிடைத்தது போன்ற பாணியில் வந்த ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ (1999) முதல் தடவை அருமை, அடுத்த தடவை சப்பென்று ஆகிவிடுகிறது, அதனால் வரிசையில் இடமில்லை.

‘தி எக்ஸார்சிஸ்ட்’ (1973) ஏன் மேலே இல்லை என்று கேட்பீர்கள். தலை சுழல்வதும் பச்சை வாந்தியும் எனக்குப் பழகிவிட்டன. ஆஸ்பத்திரியில் அந்தச் சிறுமியின் கழுத்தில் ஊசி ஏற்றி ரத்தக்குழாய் பரிசோதனை செய்வார்களே, அதை மட்டும் இன்றுவரை முழுசாகப் பார்க்க முடியவில்லை. அந்த ஒரு காட்சிக்காகவே ஆறாமிடம்.