பத்து பிளாட் (வீட்டு மனை) பல்க்கா புக் பண்ணச் சொல்றாங்களா? கையெழுத்துக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க

"ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டுட்டு உக்காந்திருக்கிறது சேமிப்பு சார், பல்க்கா எடுத்து கைமாத்தி விடுறதுதான் பிசினஸ்" இப்படிப் பேசுற ட்ரெய்னிங் ஒண்ணு ஓடிட்டு இருக்கு. ஓட்டல் ஹால்ல ஞாயித்துக்கிழமை ஃப்ரீ மீட்டிங், மத்தியானம் சாப்பாடு, பிடிச்சிருந்தா அறுபதாயிரம் கட்டி மென்டரிங். கம்பெனி பேர் போடல, கேஸ் நடக்குது. எப்படி பண்றாங்கன்னு தெரிஞ்சா நீங்களே அடையாளம் கண்டுபிடிச்சுடுவீங்க.

அவங்க சொல்றது இதுதான்: லேஅவுட் லாஞ்ச் ஆகுறதுக்கு முன்னாடி சதுர அடி 650 ரூபான்னு ஆளுக்குப் பத்து பிளாட் புக் பண்ணணும், முழுப் பணம் வேணாம் கால்வாசி அட்வான்ஸ் போதும், லாஞ்ச் ஆனதும் ரேட் 1,100 ஆயிடும், அதுக்குள்ள நாமளே ஆள் பிடிச்சு வித்துட்டா ஓனர்கிட்ட இருந்து நேரா கஸ்டமருக்கே கிரயம், நம்ம பேர்ல பத்திரமே வேணாம், முத்திரை வரி பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 பர்சன்ட் மிச்சம், வர்ற லாபத்தை அடுத்த சைட்டுல போட்டு இருபது பிளாட், அப்புறம் நாப்பது. காதுல கேட்க கணக்கு சரியாத்தான் இருக்கும். நானும் மச்சானும் சேர்ந்து திண்டிவனம் பக்கம் ஒரு சைட்டுல 1,200 சதுர அடி பிளாட் பத்துக்கு பத்தொன்பதரை லட்சம் குடுத்தோம். பாதியை கேஷா கேட்டாங்க, மச்சான் பிடிவாதமா எல்லாத்தையும் பேங்க் வழியாத்தான் அனுப்பினான், இன்னைக்கு எங்க கையில இருக்கிற உருப்படியான ஆதாரம் அது ஒண்ணுதான். நிலத்துக்கு இவ்வளவு பெரிய தொகையை கேஷா வாங்குறதே வருமான வரிச் சட்டப்படி தப்பு, அபராதம் வாங்குறவருக்குத்தான், அது அவங்களுக்குத் தெரியாததில்ல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பிரோஷர்ல டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல் நம்பரும் இருந்துச்சு, ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நம்பரும் இருந்துச்சு. ரெண்டுமே உண்மையான நம்பர்! ரேரா சைட்டுல அடிச்சா புராஜெக்ட் பேர், புரொமோட்டர் பேர் எல்லாம் கரெக்டா வரும். ஆனா அது ஃபேஸ் ஒண்ணு. அதுல பிளாட்டெல்லாம் எப்பவோ வித்துப் போச்சு. எங்களுக்கு குடுத்தது ஃபேஸ் ரெண்டு. போய்ப் பாத்தா வித்தியாசமே தெரியாது, அதே ஆர்ச், அதே தார் ரோடு, ஒரு பனைமர வரப்பைத் தாண்டினா அந்தப் பக்கமும் அதே மாதிரி கல்லு நட்டு பெயின்ட் அடிச்சு வெச்சிருப்பாங்க. அப்ரூவ்டு வரைபடத்துல சர்வே நம்பர் 88/1, 88/2. எங்க அக்ரிமென்ட்ல கடைசிப் பக்கம் சொத்து விவரத்துல இருந்தது 91/4பி. அந்த 91/4பி பட்டா அண்ணன் தங்கச்சி மூணு பேர் பேர்ல கூட்டுப்பட்டா, அதுல தங்கச்சி எதுலயும் கையெழுத்தே போடல.

இதை வெளிய கொண்டு வந்தது மென்டரும் இல்ல, புரோக்கரும் இல்ல. நாங்க கூட்டிட்டு வந்த கஸ்டமர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், லோனுக்காக பேங்க்ல பேப்பர் குடுத்தார், பேங்க் லாயர் சர்வே நம்பரைப் பாத்ததுமே திருப்பி அனுப்பிட்டார். கம்பெனியில போய்க் கேட்டா "சார், ஸ்கேல் பண்ணணும்னா ஒவ்வொரு பேப்பரையும் நோண்டிட்டு இருக்கக் கூடாது சார், அது புரோக்கர் புத்தி"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றார் அங்க இருந்த மனுஷன்!

அப்ரூவல் இல்லாத மனையைப் பத்திரம் பண்றதுக்கு 2016-ல சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதுல இருந்தே கெடுபிடி, சாதாரணமா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எடுக்க மாட்டாங்க. 500 சதுர மீட்டருக்கு மேல இருக்கிற லேஅவுட்டை ரேராவுல பதியாம விளம்பரமே பண்ணக் கூடாது, அப்புறம் என்ன ப்ரீ லாஞ்ச்? அக்ரிமென்டை ரிஜிஸ்டர் பண்ணாம 10 பர்சன்ட்டுக்கு மேல அட்வான்ஸ் வாங்கவும் கூடாதுன்னு அதே சட்டத்துல 13-வது பிரிவு இருக்கு. அவங்க கேட்டது 25. தமிழ்நாட்டுல விற்பனை அக்ரிமென்டை ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணும்னு 2012-லேயே வந்தாச்சு, இவங்க குடுத்தது வெறும் முத்திரைத்தாள்ல டைப் அடிச்சு நோட்டரி சீல் வெச்சது. ரிஜிஸ்டர் ஆகாதது ஈசி (வில்லங்கச் சான்று) போட்டாலும் வராது. அதனால ஒரே பிளாட்டை நாலு பேருக்கு எழுதிக் குடுத்தாலும் நமக்குத் தெரிய வழியே இல்ல. உண்மையில அவங்க முதல் போட்டு பிசினஸ் பண்ணவே இல்ல, நம்ம அட்வான்ஸ்தான் நிலத்துக்காரருக்குப் போற அட்வான்ஸ்.

ஏற்கனவே பணம் போட்டவங்க ஒண்ணு கவனிங்க. சத்தம் போட்டா "வேற சைட்டுக்கு மாத்தித் தர்றோம்"னு ஒரு லெட்டர்ல கையெழுத்து வாங்கிட்டு பழைய அக்ரிமென்ட், ரசீது எல்லாத்தையும் ஒரிஜினலா திருப்பிக் கேட்பாங்க. குடுக்காதீங்க. எங்களுக்கு செக் குடுத்தாங்க, ரிட்டர்ன் ஆச்சு. ரிட்டர்ன் மெமோ வந்த 30 நாளுக்குள்ள வக்கீல் நோட்டீஸ் போயிடணும், அவங்களுக்கு நோட்டீஸ் கிடைச்சு 15 நாள்ல பணம் வரலேன்னா அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்டுல போடணும், "அடுத்த வாரம் சார்"னு இழுக்கிறதே இந்தக் கெடு தாண்டட்டும்னுதான். நாங்க செக் கேஸும் போட்டாச்சு, ரேராவுலயும் புகார் குடுத்தாச்சு.

அந்தப் பக்கம் ஃபேஸ் ரெண்டுல புக் பண்ணவங்க யாராவது இருந்தா பிளாட் நம்பரை மட்டும் இன்பாக்ஸ்ல சொல்லுங்க. எங்களோட 47-ம் நம்பர் பிளாட்டுக்கு இன்னொருத்தரும் அக்ரிமென்ட் வெச்சிருக்கார், மத்த ஒன்பதுக்கும் யார் யார்கிட்ட என்ன இருக்குன்னு தெரிஞ்சா சேர்ந்து புகார் குடுக்கலாம்.